உப்பைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் பாருங்கள்

மாரி வந்துவிட்டது. மட்டக்களப்பு ஆரையம்பதியில் இரண்டு நல்ல மழை விழுந்ததுமே மதில், கிணற்றுக்கட்டு, வாழைமட்டை, கோழிக்கூட்டுக் கூரை என்று எங்கும் பெரிய நத்தைகள் ஏறத் தொடங்கிவிட்டன. தெருவில் யாரைக் கண்டாலும் இந்தக் கதைதான். "உங்கட வளவுக்கையும் வந்திட்டா கா?" என்று கேட்பார்கள். அடுத்த பேச்சு நத்தையில் கொட்டிக் கொல்ல உப்பு எத்தனை கிலோ வாங்கியது என்பதாக இருக்கும்.

நான் வளவில் கீரையும் கத்தரியும் பயற்றையும் வைத்து, வீட்டுக்குப் போக மிஞ்சியதைப் பக்கத்து வீடுகளுக்கும் சந்திக் கடைக்கும் கொடுப்பவள். இந்த நத்தை என் கன்றுகளைத் தின்கிறது. அதனால் நான் அதைப் பிடித்து அழிக்கிறேன். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் ஒன்றை அழிக்க வேண்டும் என்றால் முதலில் அது எப்படி வாழ்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கே படுக்கிறது, எப்போது எழும்புகிறது, எங்கே முட்டை இடுகிறது என்று தெரியாமல் மாரி முழுக்க உப்பு எறிந்துகொண்டிருந்தால் அடுத்த மாரிக்கும் அதே வேலைதான். அதைவிட எனக்கு மனவருத்தம் தருவது வேறு ஒன்று. நத்தை என்று கண்டதையெல்லாம் நசுக்கிவிடுகிறோம். அதில் எங்கள் வயலுக்கும் வாவிக்கும் உரியவையும் சேர்ந்து போகின்றன.

வளவில் நிற்கும் இந்தப் பெரியது ஆபிரிக்க நத்தை. பிறந்த இடம் கிழக்கு ஆபிரிக்கா. அங்கிருந்து மனிதர் கையால் இந்து சமுத்திரத் தீவுகளுக்குப் போனது. 1847இல் வில்லியம் பென்சன் என்பவர் மொரிசியசிலிருந்து கொண்டுவந்த நத்தைகள் கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. இலங்கைக்கு அது வந்தது 1900 அளவில். தானாக நடந்து கடல் தாண்டிய உயிர் அல்ல இது. ஒவ்வொரு இடத்துக்கும் யாரோ ஒருவர் ஆசையாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். 1966இல் அமெரிக்காவின் மியாமிக்கு ஒரு சிறுவன் மூன்று நத்தைகளைக் கொண்டுபோனான். ஏழு ஆண்டுகளில் அவை ஆயிரக்கணக்காகப் பெருகின. அவற்றை ஒழிக்க 1975 வரை ஆனது, செலவு பத்து இலட்சம் டொலர் அளவில். மூன்று நத்தையால் வந்தது இது.

சரி, உடம்பைப் பார்ப்போம். என் மகள் தரம் 8 படிக்கிறாள். அவளுக்கு நான் முதலில் காட்டியது ஜன்னல் கண்ணாடி. கண்ணாடியில் ஏறும் நத்தையை மறுபக்கத்திலிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். அதன் அடிப்பாதத்தில் கருமையான பட்டைகள் வாலிலிருந்து தலை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். தசை சுருங்கி விரியும் அலைகள் அவை. அந்த அலை ஓடினால்தான் நத்தை நகரும். கீழே சுரக்கும் சளி சும்மா வழவழப்பு மட்டும் இல்லை. அழுத்தம் குறைந்த இடத்தில் அது பசையாகப் பிடித்துக்கொள்ளும்; அலை தள்ளும் இடத்தில் இளகி வழிவிடும். ஒரே சளி, ஒரே நேரத்தில் இரண்டு வேலை. செங்குத்தான மதிலில் அந்தக் கனத்த ஓட்டோடு விழாமல் ஏறுவது இதனால்தான்.

தலையில் இரண்டு சோடிக் கொம்புகள். மேலே உள்ள நீளமான சோடியின் நுனியில் கண். அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் தெரியும், எங்களுடைய முகம் எல்லாம் தெரியாது. கீழே உள்ள கட்டைச் சோடி நிலத்தைத் தடவித் தடவி மணமும் சுவையும் அறிகிறது. உண்மையில் நத்தையின் உலகம் மணத்தால் ஆனது. உடம்பின் வலது பக்கம், ஓட்டின் விளிம்போரம், ஒரு சின்னத் துளை திறந்து மூடும். அதுதான் மூச்சுத் துளை. கழிவு வெளியேறும் வழியும் அதன் பக்கத்தில்தான், அதாவது தலைக்குக் கிட்ட! முட்டைக்குள் இருக்கும்போதே நத்தையின் உள்ளுறுப்புகள் முறுகித் திரும்பிவிடுகின்றன. அதனால் பின்னுக்கு இருக்க வேண்டியது முன்னுக்கு வந்துவிட்டது. மகளுக்கு இதைச் சொன்ன நாள் அவள் சோறு சாப்பிடாமல் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரத்தமும் சிவப்பு இல்லை. எங்களுக்கு இரும்பு செய்கிற வேலையை நத்தைக்குச் செம்பு செய்கிறது. அதனால் காற்றுப் பட்டால் இலேசான நீலம். இப்போதுதான் பொரித்த குஞ்சு நத்தையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மெல்லிய ஓட்டுக்கூடாக இதயம் அடிப்பது தெரியும். பார்க்காதவர்கள் இந்த மாரியில் ஒருமுறையாவது பாருங்கள்.

வாய்க்குள் இருப்பது நாக்குமாதிரி ஒரு நாடா. அதன்மேல் ஆயிரக்கணக்கான நுண்ணிய பற்கள் வரிசை வரிசையாக. தேங்காய் திருவலையில் கொப்பரையைத் திருப்புவது போல, அந்த நாடா இலையில் பட்டுத் திரும்பித் திரும்பிச் சுரண்டி எடுக்கிறது. முன்வரிசை தேயத் தேயப் பின்னாலிருந்து புது வரிசை வந்துகொண்டே இருக்கும். அமைதியான இரவில் காதைக் கிட்டக் கொண்டுபோனால் சுரண்டும் சத்தமே கேட்கும்.

இந்த நத்தை தின்னும் செடிவகை ஐந்நூறுக்கு மேல் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். ஆனால் அது தேடுவது இலையை மட்டும் இல்லை. ஓடு வளர்வது சுண்ணாம்பால். ஆகவே சுண்ணாம்பு அடித்த மதிலையும் சுரண்டித் தின்னும். அம்மாவின் பழைய வீட்டுச் சுவரில் காணும் வெள்ளை தேய்ந்த கோடுகள் எல்லாம் அதன் வேலைதான். வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள எங்கள் எழுவான்கரை மணலில் சிப்பித் தூளும் மட்டி ஓடும் கலந்துதான் கிடக்கிறது. ஓடு கட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் அதற்கு எங்கே கிடைக்கும்?

இனிப் பெருக்கம். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருக்கும். இளமையில் முதலில் விந்து தயாராகும், வளர வளர முட்டையும் தயாராகும். இரண்டு நத்தை சேர்ந்தால் பல மணி நேரம் பிரியாது. அப்புறம் வாங்கிய விந்தை உடம்புக்குள்ளேயே மாதக்கணக்கில் சேமித்து வைத்து, வசதியான நேரத்தில் முட்டை இடும். ஒரு தடவைக்கு நூறிலிருந்து நானூறு வரை. ஆகவே தனி ஒரு நத்தை வளவுக்குள் வந்தாலும் அது கூட்டத்தோடு வந்ததாகத்தான் கணக்கு. முட்டை வெள்ளை கலந்த மங்கல் மஞ்சள், ஐந்து மில்லிமீற்றர் அளவு. ஈரமான உதிரி மண்ணில் கொஞ்ச ஆழத்திலேயே கிடக்கும். எங்கள் பக்கத்து வெறும் மணல் சீக்கிரம் காய்ந்துவிடுவதால் அது தேடிப் போவது வாழையடி, குப்பை உக்கவிடும் குழி, கீரைப்பாத்தி. பொரித்து வரும் குஞ்சு முதலில் தன் முட்டை ஓட்டையே தின்னும், சுண்ணாம்பு வேண்டுமே. ஆறு மாதம் போனால் அதுவும் முட்டை இடத் தயார். ஐந்து ஆறு ஆண்டு உயிர் வாழும்.

இதைத் தெரிந்துகொண்டதில் எனக்கு உதவிய பெரிய விசயம் அதன் கோடைத் தூக்கம். வைகாசியில் கச்சான் காற்று அடித்து நிலம் காயத் தொடங்கினால் நத்தை ஓர் ஒதுக்கிடம் பார்த்து ஓட்டுக்குள் சுருங்கும். வாசலில் சளியும் சுண்ணாம்பும் கலந்த வெள்ளைத் தகடு ஒன்றைக் கட்டி அடைத்துக்கொள்ளும். உள்ளே மூச்சும் இதயத் துடிப்பும் மெதுவாகிவிடும். அப்படியே மாதக்கணக்கில் தின்னாமல் குடியாமல் கிடக்கும். செத்த ஓடு என்று நினைத்து நாங்கள் காலால் தட்டிவிட்டுப் போவோம். மழை வந்ததும் தகட்டை உடைத்துக்கொண்டு அதே ஓடு நடக்கும்.

அப்படியென்றால் நத்தை பொறுக்க நல்ல காலம் மாரி இல்லை, கோடை. அப்போது அவை அலையாது, முட்டை இடாது, ஒரே இடத்தில் கும்பலாகக் கிடக்கும். பொச்சுக் கும்பி, அடுக்கி வைத்த பழைய கூரை ஓடுகள், மதிலடி, கிணற்றுக்கட்டின் நிழல் பக்கம், தென்னை மட்டைகளின் கீழ். ஆடி ஆவணியில் அந்த இடங்களைக் கிளறி எடுத்தால் மாரியில் வேலை பாதியாகும். எங்கள் வளவில் இப்போது அப்படித்தான் செய்கிறோம். மாரியில் மிச்சத்துக்குப் பின்னேரம் ஈரச் சாக்கை விரித்து அதன்கீழ் பப்பாசித் தோலும் பழுத்த கீரை இலையும் வைத்துவிடுவேன். விடியற்காலையில் சாக்கைத் தூக்கினால் எல்லாம் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். கையுறை போட்டு எடுத்து வாளியில் போட்டுக் கொதிநீர் ஊற்றுவேன். அது உடனே முடிந்துவிடும். உப்புப் போட்டால் அது உடம்புத் தண்ணீரை எல்லாம் இழந்து நுரைத்து நுரைத்துச் சாகும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. எங்கள் கிணறுகள் ஏற்கனவே கோடையில் உவர்க்கின்றன. அந்த மண்ணில் இன்னும் உப்பைக் கொட்டுவது கத்தரிக்கும் நல்லதில்லை, கிணற்றுக்கும் நல்லதில்லை. உள்ளே இருப்பதை ஆழமாகத் தாட்டுவிட்டு, ஓட்டை இடித்துப் பாத்தியில் போடலாம்.

மதிலுக்கு மேலால் அடுத்த வளவுக்கு எறிகிறவர்களும் இருக்கிறார்கள். அயலாருடன் சண்டை வருவது ஒருபக்கம் இருக்கட்டும், நத்தை திரும்பி வரும். தன் சளித்தடத்தையும் மணத்தையும் பிடித்துப் பழைய ஒதுக்கிடத்துக்கே வரும் பழக்கம் இந்த இனத்துக்கு உண்டு என்று ஜப்பானின் ஒகசவாரா தீவுகளில் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2010இல் ரூத் புரூக்ஸ் என்ற அம்மா தன் வீட்டுத் தோட்ட நத்தைகளில் நகப்பூச்சு அடித்து அடையாளம் வைத்து, தூரத்தில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார். அங்கே உள்ளது வேறு இனம், ஆனாலும் அவையும் திரும்பி வந்தன. விஞ்ஞானி இல்லாத ஒரு பாட்டி, தன் தோட்டத்துக் கேள்விக்குத் தானே பதில் தேடியிருக்கிறார். அவருக்கு பிபிசி வானொலி அந்த ஆண்டின் அமெச்சூர் விஞ்ஞானி என்ற பரிசைக் கொடுத்தது. எனக்கு அவரை நிரம்பப் பிடிக்கும்.

கையுறை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இதைத் தாய்மார் கட்டாயம் வாசிக்க வேண்டும். எலியின் நுரையீரல் நாளங்களில் வாழும் ஒரு புழு இருக்கிறது. அதன் குஞ்சுகள் எலிப் புழுக்கையில் வெளியேறும். நத்தை புழுக்கையையும் தின்னும், குஞ்சுப்புழு நத்தையின் தசைக்குள் தங்கிவிடும். அந்த நத்தையையோ, கீரையில் ஒட்டியிருக்கும் மிகச் சிறிய நத்தையையோ ஓடில்லா அட்டை நத்தையையோ பச்சையாக விழுங்கிவிட்டால் புழு எங்கள் மூளை உறைக்குப் போய்விடும். கடும் தலையிடி, கழுத்து விறைப்பு, தோலில் கூச்சம் என்று மூளைக்காய்ச்சலாக வரும். இலங்கையிலும் இந்த நோய் பதிவாகியிருக்கிறது. நாங்கள் வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுகிறவர்கள். ஆகவே மாரியில் கீரையைக் கட்டாக நனைத்து எடுப்பது போதாது. தண்டு தண்டாகப் பிரித்து, இலையின் அடிப்பக்கத்தையும் பார்த்து, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். நன்றாக வேகச் சமைத்தால் புழு செத்துவிடும், அப்படி வெந்த வறைக்கும் சுண்டலுக்கும் பயமில்லை. சின்னப் பிள்ளைகள் நத்தையோடு விளையாடினால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வையுங்கள்.

நத்தையைக் கொல்லும் மருந்து வில்லைகளை நான் வளவுக்குள் விடுவதில்லை. நாயும் பூனையும் அதைத் தின்றால் அவற்றுக்கும் ஆபத்து. அத்தோடு நத்தையைத் தின்ன வருகிறவை எங்கள் வளவிலேயே இருக்கின்றன. செண்பகப் பறவை இந்தப் பெரிய நத்தையைக் கொத்தி உடைத்துத் தின்னும். காலையில் வேலியோரம் உடைந்த ஓடுகள் கிடந்தால் அதன் வேலையாக இருக்கலாம். இன்னொன்று மின்மினி. பறந்து மினுங்கும் பருவத்துக்கு முன் அது நிலத்தில் ஊரும் புழு. அந்தப் புழுவின் உணவே நத்தைதான். கடித்து மரக்கச் செய்து, உடம்பைக் கரைத்து உறிஞ்சும். இலங்கையில் உள்ள பெரிய மின்மினி இனம் ஒன்றின் புழு ஆபிரிக்க நத்தையையே தாக்கும். இரவில் நிலத்தில் மங்கலாக ஒளிரும் புழுவைக் கண்டால் மிதிக்காதீர்கள்.

ஆனால் வெளியிலிருந்து ஒரு பகைவனைக் கொண்டுவந்து விடலாம் என்று மட்டும் யாரும் நினைக்கக் கூடாது. ஹவாயில் 1955இல் அதைத்தான் செய்தார்கள். ஆபிரிக்க நத்தையைத் தின்னட்டும் என்று அமெரிக்காவிலிருந்து ஓர் ஊனுண்ணி நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பெரியதை விட்டுவிட்டு, மரத்தில் வாழும் அந்தத் தீவின் சின்ன நத்தைகளைத் தேடித் தேடித் தின்றது. 1977இல் பசிபிக் சமுத்திரத்து மூரேயா தீவிலும் அதே கதை. பத்தே ஆண்டுகளில் அந்தத் தீவுக்கே உரிய பார்ட்டுலா நத்தைகள் காட்டில் இல்லாமல் போயின. மிருகக்காட்சிச் சாலைகளில் காப்பாற்றி வைத்த கொஞ்சத்தை 2015க்குப் பிறகு திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். ஹவாயில் ஓர் இனத்தின் கடைசி உயிர், ஜோர்ஜ் என்று பெயர் வைத்து ஓர் ஆய்வுகூடப் பெட்டிக்குள் வளர்த்த நத்தை, 2019 ஜனவரி முதலாம் திகதி செத்தது. அதைப் படித்த இரவு எனக்கு நெடுநேரம் நித்திரை வரவில்லை.

எங்கள் தீவிலும் நிலநத்தை இருநூறு இனங்களுக்கு மேல். அவற்றில் பெரும்பகுதி உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவை அநேகமாக ஈரவலயக் காட்டில் வாழ்கின்றன. எங்கள் பக்கத்துக்கு என்று வேறு நத்தைகள் இருக்கின்றன.

மாமி வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, அடிக்கடி போய் வருகிறோம். அங்கே வயல் வாய்க்காலில் இருக்கும் உருண்டை நத்தை முழுக்க வேறு சாதி. அதற்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. தண்ணீருக்குள் இருந்தபடியே ஒரு குழாயை மேலே நீட்டிக் காற்று வாங்கும். ஆண் வேறு, பெண் வேறு. வாசலுக்கு ஒரு கெட்டியான மூடி எப்போதும் கூடவே இருக்கும். வயல் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மூடியைச் சாத்திக்கொண்டு அடுத்த மழை வரை கிடக்கும். படுவான்கரை வயலில் கூட்டமாக நிற்கும் நத்தைகுத்தி நாரை அதை நம்பித்தான் வாழ்கிறது. அந்த நாரையின் அலகுக்கு நடுவில் ஓர் இடைவெளி தெரியும். ஓட்டை உடைப்பதற்கு அல்ல அது. கீழ் அலகின் கூர்நுனியை மூடிக்கு அடியில் செலுத்தித் தசையை அறுத்து, ஓடு உடையாமலே நத்தையை வெளியே இழுத்துவிடும். "அதுகள் நெல்லைத் தின்ன வரல்ல மனே, நத்தை தின்ன வருது, விரட்டாத" என்று மாமி என் மகளுக்குச் சொல்வார். மாமி சொல்வது அப்படியே உண்மை. ஒன்றே ஒன்று: நெல் தண்டில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, இளஞ்சிவப்பு நிறத்தில் கொத்தாக முட்டை கண்டால் அது எங்கள் நத்தை இல்லை. பிலிப்பைன்ஸ் வயல்களை 1980களில் நாசமாக்கிய தென்னமெரிக்க நத்தையின் சாதி அப்படித்தான் முட்டை இடும். உடனே விவசாயப் போதனாசிரியருக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது வாவி. என் அப்பா வாவியில் வலை போட்டவர். கரையோரச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களின் அடியில் கூம்பு கூம்பாகக் கிடக்கும் கறுத்த ஊரி என்ற நத்தையை அவர் வலையிலிருந்து எடுத்துத் திரும்பத் தண்ணீரிலேயே போடுவார். 1848 செப்டெம்பரில், அன்று இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ட் மட்டக்களப்புக்கு வந்தார். நிலா எழுந்த பிறகு மீனவர்களோடு தோணியில் போய் வாவிக்கு அடியிலிருந்து வரும் இசையைக் கேட்டார். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது சத்தம் இன்னும் கூடியது என்று எழுதியிருக்கிறார். பாடும் மீன் என்று இன்று நாங்கள் சொல்வதை அந்த மீனவர்கள் ஊரியின் சத்தம் என்றுதான் அவருக்குச் சொன்னார்கள். சிலவற்றை உயிரோடு கொண்டுவந்தும் காட்டினார்கள். அவர் பெயர் குறித்து எழுதியவற்றில் ஒன்று இந்தக் கண்டல் ஊரி.

அந்த ஊரி குஞ்சாக இருக்கும்போது சேற்றில் உள்ள அழுகலைத் தின்னும். பெரிதானதும் அதன் பல்நாடாவே மாறிவிடும். அதன்பிறகு விழுந்த கண்டல் இலைதான் சாப்பாடு. கென்யாவின் கரைகளில் செய்த ஆய்வுகளில், ஓர் இலை விழுந்ததும் அதன் மணம் பிடித்துப் பல ஊரிகள் வந்து சேர்ந்து தின்பதைப் பார்த்திருக்கிறார்கள். வற்றுநீர் இழுத்துக்கொண்டு போக வேண்டிய இலை அப்படிக் கண்டலடியிலேயே தங்கிச் சேறாகிறது. கண்டல் வெட்டிய கரையில் இலை விழாது, முதிர்ந்த ஊரிக்கு அங்கே சாப்பாடும் இல்லை. வாவிக் கரையில் இப்போது கண்டல் கன்று நடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். நட்ட கன்றில் எத்தனை தப்பியது என்று எண்ணப் போகும்போது, சேற்றில் ஊரி வந்திருக்கிறதா என்றும் பார்த்து எழுதி வையுங்கள்.